அசிட்டைல் தொகுதியை ஏற்பவை: உடல்நலத்திலும் நோயிலும் அசிட்டைல் கோ-ஏ வளர்சிதை மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகிய மூவகை உணவும் உயிரணுவுக்குள் சிதைந்து வந்து சேரும் பொதுப்பொருள் அசிட்டைல் கோ-ஏ ஆகும். இதன் அளவு கூடுவதாலும் குறைவதாலுமே நோய் தோன்றுகிறது என்ற எண்ணம் பாடநூல்கள் வழியாகப் பரவலாக நிலவுகிறது. ஆனால் பல நேர்வுகளில் நோயைத் தீர்மானிப்பது இப்பொருளின் அளவு அன்று. இப்பொருள் சுமந்து வரும் அசிட்டைல் தொகுதியை ஏற்கும் பொருளும், அதனைக் கைமாற்றும் நொதியுமே தீர்மானிக்கின்றன. இக்கருத்தை அந்தியூர் வட்டாரக் கறவை மாடுகளில் காணப்படும் கீட்டோன் நோய், மனிதரின் நீரிழிவு, 1956 முதல் சென்னையில் நடைபெற்ற காசநோய் மருந்தாய்வுகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசிட்டைல் கோ-ஏ, ஆக்சலோ அசிட்டேட், கீட்டோன் பொருள்கள், ஐசோனியசிட், அசிட்டைலேற்றம், காசநோய், கறவை மாடு.

முன்னுரை

ஈரோடு மாவட்டம் அந்தியூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கலப்பினக் கறவை மாடு வைத்திருப்போர் பலரும் ஒரு நிகழ்வை அறிவர். மாடு நல்லபடியாகக் கன்று ஈன்றிருக்கும். முதல் இரண்டு வாரம் பால் ஏறிக்கொண்டே வரும். மூன்றாம் வாரத்தில் திடீரெனத் தவிடும் புண்ணாக்கும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தட்டை மட்டும் கடிக்கும். சாணம் இறுகும், பால் குறையும், உடல் மெலியும். அருகில் சென்றால் மூச்சில் ஒருவகை இனித்த நெடி வீசும். சில மாடுகள் தொட்டியையும் தும்பையும் இடைவிடாது நக்கும். கால்நடை மருத்துவர் இதனைக் கீட்டோன் நோய் என்பார்.

இதே நெடியை, இன்சுலின் கிடைக்காமல் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் நீரிழிவு நோயாளியின் மூச்சிலும் உணரலாம். ஒன்றில் குருதிச் சர்க்கரை மிகக் குறைவு. மற்றொன்றில் மிக அதிகம். ஆயினும் இரண்டிலும் கல்லீரலில் தேங்கி வேறு வழி தேடிய பொருள் ஒன்றே. அப்பொருளைப் பற்றிப் பேசும்போது அதன் அளவை மட்டும் நோக்கினால் இந்த முரண் விளங்காது. அசிட்டைல் தொகுதி யாரிடம் சென்று சேர்கிறது என்ற வினாவை முன்வைத்தாலே விளங்கும். இக்கட்டுரை அவ்வினாவைப் பின்தொடர்கிறது.

துணைநொதி ஏ: கண்டுபிடிப்பும் இயல்பும்

அசிட்டிக் அமிலம் வேதிவினையில் மந்தமானது. அது வினையில் ஈடுபட வேண்டுமாயின் ஒரு துணைப்பொருளோடு பிணைந்து ஊக்கம் பெற வேண்டும். அத்துணைப்பொருளை 1940களில் கண்டறிந்தவர் ஃபிரிட்ஸ் லிப்மன். அவர் கையாண்ட முறை இக்கட்டுரைக்கு மிக நெருக்கமானது. புறாவின் கல்லீரல் சாற்றில் சல்பனிலமைடு என்னும் மருந்து அசிட்டைல் தொகுதியை ஏற்கும் வினையை அவர் அளந்துகொண்டிருந்தார். அவ்வினைக்கு வெப்பத்தால் கெடாத ஒரு துணைநொதி இன்றியமையாதது எனத் தெரிந்தது. அதற்கு அவர் வழங்கிய பெயரிலுள்ள 'ஏ' என்ற எழுத்து அசிட்டைலேற்றத்தைக் குறிக்கிறது. ஆற்றல் வளர்சிதை மாற்றத்தின் மையப்பொருள், மருந்து ஒன்று உடலில் செயலிழக்கும் வினையை ஆராய்கையில்தான் அகப்பட்டது என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விடுபடும் செய்தி. துணைநொதி ஏ-இன் ஒரு பகுதி பாந்தோதெனிக் அமிலம், அதாவது வைட்டமின் பி5. 1951இல் ஃபியோடர் லைனன், 'ஊக்கம் பெற்ற அசிட்டிக் அமிலம்' என்று அதுவரை ஊகமாகப் பேசப்பட்டது அசிட்டைல் கோ-ஏ தான் என ஈஸ்ட்டிலிருந்து பிரித்துக் காட்டினார். லிப்மனுக்கு 1953இல் ஹான்ஸ் கிரெப்சுடனும், லைனனுக்கு 1964இல் கான்ராட் பிளாக்குடனும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்பொருளின் இரு இயல்புகளை நினைவில் நிறுத்த வேண்டும். ஒன்று, கந்தகத்தின் வழியே அமைந்த பிணைப்பு ஆற்றல் மிக்கது. எனவே அசிட்டைல் தொகுதியை இது எளிதில் வேறொன்றுக்குத் தந்துவிடும். மற்றொன்று, இது தன் பருமனாலும் மின்சுமையாலும் உயிர்ச்சவ்வுகளைத் தானாகக் கடக்க முடியாதது. மைட்டோகாண்ட்ரியாவில் உருவானது அங்கேயே நிற்கும். கல்லீரலில் உருவானது குருதிக்கு வராது. ஆகவே எந்த மருத்துவ ஆய்வகத்திலும் குருதியில் அசிட்டைல் கோ-ஏ அளக்கப்படுவதில்லை. அளக்கப்படுவன அனைத்தும் அசிட்டைல் தொகுதியை வாங்கிக்கொண்டு வெளியேறிய பொருள்களே. அவற்றைக் கொண்டுதான் உள்ளே நடப்பதை அறிகிறோம்.

கட்டுத்தரையில் ஒரு வளர்சிதை மாற்றப் பாடம்

மைட்டோகாண்ட்ரியாவில் அசிட்டைல் கோ-ஏயை எதிர்கொண்டு ஏற்பது ஆக்சலோ அசிட்டேட். இரண்டும் இணைந்து சிட்ரேட் உருவாகிறது. சிட்ரிக் அமிலச் சுழற்சி தொடங்குகிறது. இரண்டு கரிம அணுக்கள் கரியமில வாயுவாக வெளியேறி முடியும்போது ஆக்சலோ அசிட்டேட் மீண்டும் கிடைக்கிறது. சுழற்சி தொடர்ந்து நடக்க இந்த ஏற்பான் குறையாதிருக்க வேண்டும்.

அசைபோடும் விலங்குக்கு இங்கே ஓர் இக்கட்டு உண்டு. மாடு தின்னும் தீவனத்தின் மாவுப்பொருளையும் நார்ப்பொருளையும் அசையூண் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. இவற்றுள் அசிட்டேட்டே மிகுதி. பால் கொழுப்பின் கணிசமான பகுதி அதிலிருந்துதான் உருவாகிறது. குடலிலிருந்து நேராகக் கிடைக்கும் குளுக்கோசு மிகச் சொற்பம். மாட்டுக்கு வேண்டிய குளுக்கோசைக் கல்லீரல் புரோப்பியோனேட்டு முதலியவற்றிலிருந்து நாள்தோறும் புதிதாகச் செய்தாக வேண்டும். செய்முறையில் ஆக்சலோ அசிட்டேட் வழியாகவே செல்ல வேண்டும்.

இந்நிலையில் மாடு ஈனுகிறது. ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் லாக்டோசு உண்டு. அது முழுவதும் குளுக்கோசிலிருந்து வருவது. நாளொன்றுக்கு 15 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவின் மடி மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் குளுக்கோசைக் கேட்கிறது. தீவனம் உண்ணும் அளவோ ஈன்ற சில வாரங்களில் அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வருகிறது. அங்கே அசிட்டைல் கோ-ஏயாகச் சிதைகிறது. ஆனால் அதனை ஏற்க வேண்டிய ஆக்சலோ அசிட்டேட் குளுக்கோசு செய்வதற்கு இழுக்கப்படுகிறது. ஏற்க வேறொன்று இல்லாதபோது அசிட்டைல் தொகுதியை மற்றோர் அசிட்டைல் கோ-ஏயே ஏற்கிறது. அவ்விணைப்பின் தொடர்ச்சியாக அசிட்டோ அசிட்டேட்டும், அதிலிருந்து பீட்டா-ஹைட்ராக்சி பியூட்டிரேட்டும் அசிட்டோனும் தோன்றுகின்றன. மூச்சின் நெடி அசிட்டோனுடையது.

ஆக்சலோ அசிட்டேட் குறைவு ஒன்றே காரணம் என்று கூறுவது மிகை எளிமை. கல்லீரலுக்குள் வரும் கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் வாயிலும் உண்டு. அவ்வாயிலை அடைப்பது மலோனைல் கோ-ஏ. அதுவும் அசிட்டைல் கோ-ஏயிலிருந்து உருவாவதே. இன்சுலின் குறைந்து குளுக்ககான் மிகும்போது மலோனைல் கோ-ஏ குறைகிறது, வாயில் திறக்கிறது. வரத்து மிகுவதும் ஏற்பான் குறைவதும் சேர்ந்தே நோயைத் தருகின்றன.

குருதியில் பீட்டா-ஹைட்ராக்சி பியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் வெளித்தெரியா நிலைக் கீட்டோன் நோய் எனக் கால்நடை மருத்துவத்தில் பொதுவாகக் கொள்வர். சிறுநீரில் ரோத்தரா சோதனையில் ஊதா நிறம் தோன்றுவது எளிய அறிகுறி. சிரைவழி டெக்ஸ்ட்ரோசு செலுத்துவதும், புரோப்பிலீன் கிளைக்கால் வாய்வழி புகட்டுவதும் பண்டுவம். பின்னது கல்லீரலில் குளுக்கோசாக மாறுவது.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்லத்தான் வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. ஈன்ற மாட்டுக்கு வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ கரைத்துக் கொடுப்பது வீடுகளில் இயல்பு. மாடு சோர்ந்தால் அதையே கூட்டிக் கொடுப்பர். ஆனால் வாய்வழி செல்லும் சர்க்கரை குருதியைச் சர்க்கரையாகச் சென்றடைவதில்லை. இரைப்பை நுண்ணுயிரிகள் அதனை அசிட்டேட்டாகவும் பியூட்டிரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரண்டும் அசிட்டைல் கோ-ஏயின் வரத்தைக் கூட்டுபவை. குளுக்கோசுக்குப் பயன்படுவது அதில் தோன்றும் புரோப்பியோனேட் மட்டுமே. மாட்டுக்குச் சர்க்கரை போதவில்லை என்று வீட்டார் உணர்ந்தது சரி. இரைப்பை அதனை இடையில் மாற்றிவிடுவதே சிக்கல்.

ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி அந்தியூரில் கூடும் கால்நடைச் சந்தையில், செம்பழுப்பு உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மலைமாடுகளையும் கலப்பினப் பசுக்களையும் ஒரே நாளில் காணலாம். காட்டில் மேய்ந்து வளரும் பர்கூர் மாட்டில் கன்று குடித்தது போகக் கறக்கக் கிடைப்பது சிறிதே. அதன் மடி குளுக்கோசை அவ்வளவு கேட்பதில்லை. ஆக்சலோ அசிட்டேட்டுக்குப் பற்றாக்குறை நேர வாய்ப்பும் குறைவு. கீட்டோன் நோய் உயர் கறவையின் நோய். நாட்டு மாட்டின் 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசப்படுவதில் ஒரு பகுதி இத்தகைய எளிய கணக்காக இருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மனிதரில் நீரிழிவு

மனிதக் கல்லீரலில் நடப்பதும் இதுவே. தூண்டும் காரணம் வேறு. இன்சுலின் முற்றிலும் இல்லாதபோது, குருதியில் சர்க்கரை நிறைந்திருந்தும் கொழுப்புத் திசு பட்டினிக் காலத்தைப் போலக் கொழுப்பை வெளிவிடுகிறது. மலோனைல் கோ-ஏ குறைந்து வாயில் திறக்க, கீட்டோன் பொருள்கள் மிகுந்து குருதி அமிலத்தன்மை அடைகிறது. கீட்டோன் பொருள்கள் இயல்பில் கழிவுகள் அல்ல. நீண்ட பட்டினியில் மூளைக்கும் இதயத்துக்கும் அவை உணவு. அவற்றை மீண்டும் அசிட்டைல் கோ-ஏயாக்கும் நொதி கல்லீரலில் இல்லை. அதனால்தான் கல்லீரல் அவற்றைத் தான் எரிக்காமல் பிற உறுப்புகளுக்கு அனுப்புகிறது.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் நீண்டகாலமாக விவரித்துவந்த ஒருவகை நீரிழிவு இவ்விடத்தில் கவனத்துக்குரியது. கணையத்தில் கற்கள் சேர்ந்து, மெலிந்த இளைஞர்களிடம் தோன்றும் இந்நீரிழிவில் குருதிச் சர்க்கரை மிக உயர்ந்தும் கீட்டோன் அமிலநிலை அரிதாகவே வருகிறது. கணையத்தில் எஞ்சியுள்ள சிறிதளவு இன்சுலின் கொழுப்புக் கரைவதைத் தடுக்கப் போதுமானது என்பது ஒரு விளக்கம். குளுக்ககானும் குறைவாக இருப்பதும், கரைவதற்கு உடலில் கொழுப்பே அதிகம் இல்லாதிருப்பதும் ஏனைய விளக்கங்கள். வரத்து இல்லையேல் ஏற்பான் பற்றாக்குறை நோயாக வெளிப்படுவதில்லை.

சிட்ரேட்டாக வெளியேறும் அசிட்டைல் தொகுதி

உணவு மிகுந்த வேளையில் அசிட்டைல் தொகுதி சிட்ரேட்டின் உருவில் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறுகிறது. வெளியே ஏடிபி-சிட்ரேட் லையேசு என்னும் நொதி அதனை உடைத்து மீண்டும் அசிட்டைல் கோ-ஏயாக்குகிறது. கொழுப்பு அமிலமும் கொலஸ்டிராலும் இதிலிருந்து உருவாகின்றன. உட்கருவில் டிஎன்ஏ சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களும் இந்த அசிட்டைல் தொகுதியை ஏற்கின்றன; எந்த மரபணு வெளிப்படும் என்பதில் உணவின் நிலைக்கு இவ்வாறு ஒரு பங்கு கிடைக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, பாலூட்டி உயிரணுக்களில் ஹிஸ்டோன் அசிட்டைலேற்றம் இந்நொதியைச் சார்ந்திருப்பதைக் காட்டியது. புற்றுநோய் ஆய்வில் இன்று மிகுதியாகப் பேசப்படுவது இப்பகுதியே. அது தனிக்கட்டுரைக்கு உரியது.

மீன்குழம்பில் இடப்படும் குடம்புளிக்கு இந்நொதியோடு நேரடித் தொடர்பு உண்டு. அதன் முதன்மை அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் லூயிசும் நீலகண்டனும் 1965இல் உறுதிப்படுத்தினர். சில ஆண்டுகளிலேயே அவ்வமிலம் ஏடிபி-சிட்ரேட் லையேசைத் தடுப்பது அமெரிக்க ஆய்வகத்தில் தெரியவந்தது. அதிலிருந்து உடல் எடை குறைக்கும் மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. ஆனால் 1998இல் வெளியான, 135 பேரை 12 வாரம் கண்காணித்த ஒப்பாய்வில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஒரு வழியை அடைத்தாலும் அசிட்டேட்டை நேரடியாக ஊக்குவிக்கும் வேறொரு நொதியின் வழி திறந்தே இருக்கிறது. தவிரவும் மனிதர் உண்ணும் உணவில் கொழுப்பு நேராகவே கிடைக்கும்போது உடல் அதனைச் செய்ய வேண்டிய தேவையும் குறைவு. மாறாக, அதே நொதியைக் கல்லீரலில் மட்டும் தடுக்கும் பெம்பெடோயிக் அமிலம், கொலஸ்டிரால் குறைக்கும் மருந்தாக 2020இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. நொதி ஒன்றே, தடுக்கப்படும் உறுப்பும் எதிர்பார்க்கும் பயனும் வேறு.

கொழுப்பைச் சர்க்கரையாக்கும் உயிர்கள்

மாட்டாலும் மனிதராலும் இயலாத ஒன்று உண்டு. கொழுப்பிலிருந்து வந்த அசிட்டைல் கோ-ஏயை நிகரமாகக் குளுக்கோசாக்க இவ்வுயிர்களால் முடியாது. சிட்ரிக் அமிலச் சுழற்சியில் நுழைந்த இரு கரிம அணுக்களுக்கு ஈடாக இரண்டு வெளியேறிவிடுகின்றன. முடியுமானால் கீட்டோன் நோயே இராது. நிலக்கடலையும் ஆமணக்கும் முளைக்கும்போது விதையின் எண்ணெய் சர்க்கரையாக மாறுகிறது. அவை அந்த இரு கரிம இழப்பைத் தவிர்க்கும் கிளையாக்சலேட் குறுக்கு வழியைப் பெற்றுள்ளன.

இக்குறுக்கு வழி காசநோய்க் கிருமியிடமும் உள்ளது. மனிதனின் பெருவிழுங்கு அணுக்களுக்குள் பதுங்கி வாழ்கையில் அக்கிருமி நம் கொழுப்பையும் கொலஸ்டிராலையும் தின்று, கிடைக்கும் அசிட்டைல் கோ-ஏயைக் கொண்டு உடற்பொருளைக் கட்டிக்கொள்கிறது. இவ்வழியின் முதல் நொதியான ஐசோசிட்ரேட் லையேசை இழந்த கிருமிகள் சுண்டெலியில் நீடித்து வாழ முடியவில்லை என்பது 2000இல் நிறுவப்பட்டது. அத்துடன், கிருமியின் மேலுறையை ஆக்கும் மைக்காலிக் அமிலம் என்னும் மிக நீண்ட கொழுப்பு அமிலமும் அசிட்டைல் கோ-ஏயிலிருந்தே தொடங்குகிறது. அதன் நீட்சியைத் தடுப்பதுதான் ஐசோனியசிட் மருந்தின் வேலை.

கிருமியின் அசிட்டைல் வழியை முறிக்கும் அம்மருந்தை, நோயாளியின் கல்லீரல் தன் அசிட்டைல் கோ-ஏயைக் கொண்டு செயலிழக்கச் செய்கிறது. இங்கே ஏற்பான் மருந்து; கைமாற்றும் நொதி என்-அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேசு-2. லிப்மன் புறாக் கல்லீரலில் சல்பனிலமைடைக் கொண்டு கண்ட அதே வகை வினை.

சென்னையில் நடந்தவை

ஐசோனியசிட் 1952இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வு, நெரிசலும் வறுமையும் மிக்க வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதும் சானடோரியத்தில் சேர்ப்பதும் பயனில் நிகரானவை எனக் காட்டியதால் உலகப்புகழ் பெற்றது. அதன் பின் வந்த, அவ்வளவாகப் பேசப்படாத ஆய்வுகளே நம் பொருளுக்கு உரியவை.

ஐசோனியசிட்டைப் பல அளவுகளில், தனித்தும் பாஸ் என்னும் மருந்துடன் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தபோது, உயர் அளவில் தனித்துப் பெற்ற நோயாளிகளுள் சிலருக்குக் கால் மரத்தலும் எரிச்சலும் தோன்றின. அனைவரும் பெற்றது எடைக்கேற்ற ஒரே அளவு. நரம்பு நலிவு வந்ததோ சிலருக்கு மட்டும். கங்காதரம் முதலிய ஆய்வாளர்கள் ஐசோனியசிட்டைத் தசையில் ஊசியாகச் செலுத்தி, பின்னர் எடுத்த குருதியில் எஞ்சியிருந்த மருந்தை நுண்ணுயிரிகளைக் கொண்டே அளந்தனர். 1961இல் வெளிவந்த அம்முடிவுகளின்படி தென்னிந்திய நோயாளிகள் இரு தொகுதியாகப் பிரிந்தனர். பத்தில் ஏறத்தாழ ஆறு பேரிடம் மருந்து மெதுவாகச் செயலிழந்தது, ஏனையோரிடம் விரைவாக. இப்பண்பு மரபுவழி வருவது என்பதை 1960இல் இவான்சும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கக் குடும்பங்களில் காட்டியிருந்தனர். ஜப்பானியருள் மந்த அசிட்டைலேற்றம் உடையோர் பத்தில் ஒருவர் அளவே. விரைவு அசிட்டைலேற்றம் உடையோரின் குருதியில் மருந்தின் பாதி ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் மறைகிறது. மந்தமானோரிடம் மூன்று மணி நேரம் வரையோ அதற்கு மேலோ ஆகிறது.

நரம்பு நலிவு மந்த அசிட்டைலேற்றம் உடையோரிடமே மிகுதியாகக் காணப்பட்டது. அசிட்டைல் தொகுதியை ஏற்காமல் எஞ்சிய ஐசோனியசிட், வைட்டமின் பி6-ஐப் பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. ஊட்டம் குறைந்தோரிடம் அவ்விழப்பு நரம்பைத் தாக்குகிறது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்னும் சிறிய அளவு பிரிடாக்சினே இதனைத் தடுக்கும் என்பதையும் சென்னை மையமே 1963இல் காட்டியது. இன்று உலகெங்கும் ஐசோனியசிட்டுடன் பி6 மாத்திரை எழுதப்படுவதில் சேத்துப்பட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

குணமடைதலில் நிலைமை தலைகீழ். ஐசோனியசிட்டை மட்டும் பெற்றோருள் மந்தமானோர் நன்கு தேறினர், விரைவானோர் பின்தங்கினர். இரு மருந்தை நாள்தோறும் கொடுத்தபோது இவ்வேறுபாடு மறைந்தது. வாரம் இருமுறை, கண்காணிப்பில், ஸ்டிரெப்டோமைசினும் உயர் அளவு ஐசோனியசிட்டும் கொடுக்கும் முறை 1964இல் வெற்றி பெற்றது. நோயாளியின் அலைச்சலைக் குறைக்க அதனை வாரம் ஒருமுறையாக்கிப் பார்த்தனர். அங்கே அசிட்டைலேற்றம் மீண்டும் குறுக்கிட்டது. விரைவு அசிட்டைலேற்றம் உடையோரிடம் பலன் தெளிவாகக் குறைந்தது. மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் மாத்திரைகளை அவர்களுக்கென உருவாக்கும் முயற்சியும் 1970களின் தொடக்கத்தில் நடைபெற்றது. ரிஃபாம்பிசின் வந்தபின் அத்தேவை பின்னுக்குச் சென்றது.

கல்லீரல் நச்சுத்தன்மை பற்றிய நெடிய குழப்பத்துக்கும் விடை ஏற்பானிடமே உள்ளது. அசிட்டைல் ஏற்ற ஐசோனியசிட் சிதைந்து அசிட்டைல் ஹைட்ரசீன் என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. ஆகவே விரைவு அசிட்டைலேற்றம் உடையோருக்கே கல்லீரல் கேடு மிகும் என 1970களில் கருதினர். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் மந்தமானோரையே சுட்டின. காரணம், அந்த நச்சுப்பொருளும் ஓர் ஏற்பான். அதே நொதி அதன்மேல் இரண்டாவது அசிட்டைல் தொகுதியை ஏற்றினால் தீங்கற்ற பொருளாகிறது. நச்சைப் பிறப்பிக்கும் கையும் அதனை நீக்கும் கையும் ஒன்றே. மந்தமானோரிடம் நீக்கம் பின்தங்குகிறது.

இன்றைய வினா

2017 முதல் நாடு முழுவதும் காசநோய்க்கு எடைப்பிரிவின்படி கூட்டு மாத்திரைகள் நாள்தோறும் வழங்கப்படுகின்றன. அசிட்டைலேற்ற வேகம் கேட்கப்படுவதில்லை. கூட்டு மருந்து நாள்தோறும் கிடைக்கும்போது வேறுபாடு குணமடைதலைப் பெரிதும் பாதிக்காது என்ற 1960களின் சென்னைப் பாடத்தை நோக்கினால் இது ஏற்கத்தக்கதே. இக்கட்டுரையாளருக்கு உறுத்துவது இரு இடங்கள்.

ஒன்று, நீரிழிவு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவு காசநோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. கால் நரம்பு ஏற்கெனவே நலிந்த ஒருவர், மந்த அசிட்டைலேற்றமும் உடையவராக இருந்து ஐசோனியசிட் உட்கொள்ளும்போது, பாதத்தில் தோன்றும் எரிச்சல் சர்க்கரையாலா மருந்தாலா என்பது எளிதில் புலப்படாது. சர்க்கரையால் என்று எழுதி அனுப்பிவிடுவதே எளிது.

மற்றொன்று, தடுப்புச் சிகிச்சை. காசநோயாளியின் வீட்டில் உள்ள, நோயற்ற உறவினருக்கு ஐசோனியசிட்டைத் தனியாக ஆறு மாதம் வழங்கும் முறை நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. 1961இல் சென்னையில் வேறுபாடு வெளிப்பட்டது தனிமருந்துச் சிகிச்சையில்தான். நோயாளி பக்க விளைவைப் பொறுத்துக்கொள்வார். நலமாக இருப்பவர் வயிறு புரட்டினாலும் கண் மஞ்சளித்தாலும் மாத்திரையை நிறுத்திவிடுவார். பத்தில் ஆறு பேர் மந்தமான ஒரு மக்கள் தொகையில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

ஜப்பானில் 2013இல் வெளியான ஒப்பாய்வில், மரபணுவகை பார்த்து மந்தமானோருக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமும், இடைநிலையினருக்கு 5 மில்லிகிராமும், விரைவானோருக்கு 7.5 மில்லிகிராமும் ஐசோனியசிட் கொடுத்தனர். மந்தமானோரிடம் கல்லீரல் கேடும், விரைவானோரிடம் தொடக்கச் சிகிச்சைத் தோல்வியும் குறைந்தன. மந்தமானோர் சிறுபான்மையாக உள்ள நாட்டில் நடந்த ஆய்வு இது.

மரபணுப் பரிசோதனை வட்டார மருத்துவமனைகளுக்கு இப்போதைக்கு எட்டாது எனலாம். ஆனால் சென்னை ஆய்வாளர்களிடமும் மரபணுப் பரிசோதனை இருக்கவில்லை. காலையில் மாத்திரையை விழுங்கச் செய்து, சில மணி நேரம் கழித்துப் பெறும் சிறுநீரில் அசிட்டைல் ஏற்ற ஐசோனியசிட்டுக்கும் ஏற்காத ஐசோனியசிட்டுக்கும் உள்ள விகிதத்தை நிறமானியால் அளந்தே ஒருவர் எத்தொகுதியைச் சேர்ந்தவர் என்று கூறிவிடலாம். கால்நடை மருத்துவமனையில் மாட்டின் சிறுநீரை ரோத்தரா சோதனைக்கு உட்படுத்துவதைவிட இது சற்றே நீண்ட வேலை. கொங்குப் பகுதியில் தடுப்புச் சிகிச்சை பெறும் குடும்பங்களில் இத்தகைய அளவீட்டைச் செய்து, மாத்திரையை இடையில் நிறுத்தியோரின் அசிட்டைலேற்ற வகையோடு ஒப்பிடுவது ஒரு முனைவர் பட்ட ஆய்வின் எல்லைக்குள் அடங்கும்.